அலர்ஜி சிரப் ஆரம்பித்த பிறகு மகன் இரவில் அலறி எழுகிறான்: மருந்து காரணமா?

கேள்வி: பெரம்பூரில் வசிக்கிறோம். என் 6 வயது மகனுக்குத் தூசி அலர்ஜி. காலையில் அடுக்குத் தும்மல், மூக்கடைப்பு, வீசிங் இல்லை. லெவோசெட்ரிசின், மான்டெலுகாஸ்ட் இரண்டும் கலந்த சிரப்பை டாக்டர் எழுதித் தந்தார். தும்மல் குறைந்துவிட்டது. ஆனால் இரண்டு வாரமாக ராத்திரியில் அலறி எழுகிறான், பகலில் எதற்கெடுத்தாலும் கோபம். 2 வயது மகளுக்குச் சளி பிடித்தால் வீட்டில் இருக்கும் சளி மருந்தைக் கொடுக்கலாமா? என் மாமனாருக்கு 70 வயது, புராஸ்டேட் வீக்கம் உண்டு. அவரும் மெடிக்கலில் அவில் வாங்கிப் போடுகிறார்.

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. மகன் குடிக்கும் சிரப்பில் இருப்பது இரண்டு தனித்தனி மருந்துகள். லெவோசெட்ரிசின் சில குழந்தைகளுக்குத் தூக்கக் கலக்கம் தரும். அபூர்வமாகச் சிலருக்குத் துறுதுறுப்பைக் கூட்டும். என் கவலை மான்டெலுகாஸ்ட் பற்றியது. கெட்ட கனவு, தூக்கம் கெடுவது, எரிச்சல், முரட்டுத்தனம் எல்லாம் இந்த மருந்தின் அறியப்பட்ட பக்க விளைவுகள். பெரிய பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் மனச்சோர்வு, அரிதாக உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட வந்திருக்கிறது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020 மார்ச்சில் இதற்குக் கட்டம் கட்டிய கடும் எச்சரிக்கை கொடுத்தது. வெறும் மூக்கு அலர்ஜிக்கு மற்ற மருந்துகள் பலிக்காதபோது, அல்லது ஒத்துக்கொள்ளாதபோது மட்டும் இதைத் தொடலாம் என்றும் சொன்னது.

பெரும்பாலான குழந்தைகள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இதைக் குடிக்கிறார்கள். உங்கள் டாக்டர் தவறான மருந்து கொடுத்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். ஆனால் உங்கள் மகனுக்கு வீசிங் இல்லை என்பதால் இன்றிரவே சிரப்பை நிறுத்துவதில் ஆபத்து இல்லை. நாளையே டாக்டரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். அலறல் எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று குறித்துக்கொண்டு போனால் அவருக்கு உதவியாக இருக்கும். நிறுத்தியதும் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். சிலருக்குக் கொஞ்ச நாள் நீடிக்கலாம். (இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கு: ஆஸ்துமாவுக்காக இதைக் குடிக்கும் குழந்தைக்கு நீங்களாக நிறுத்தினால் மூச்சுத் திணறல் திரும்பலாம். அன்றே டாக்டரைக் கேட்டு, மாற்று மருந்தோடு நிறுத்துங்கள்.)

அப்புறம் தும்மலுக்கு என்ன செய்வது? உப்புநீர் மூக்குச் சொட்டு, தேவைப்பட்டால் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே. ஸ்டீராய்டு என்றதும் பயம் வருவது இயல்புதான். மூக்கில் அடிக்கும் அளவு மிகக் குறைவு. மூக்கு உலர்வதும் லேசாக ரத்தம் கசிவதும்தான் அதிகம் பார்ப்பது. நடுத்தண்டில் படாமல் வெளிப்பக்கமாகச் சாய்த்து அடித்தால் அதுவும் குறையும். மாதக்கணக்கில் அடித்தால் குழந்தையின் உயரத்தை அளந்து வர வேண்டும். மூக்கடைப்பை உடனே திறக்கும் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்து வேறு வகை. அதை ஐந்து நாளுக்கு மேல் போட்டால் அடைப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பும்.

சென்னையின் ஈரக் காற்றில் மெத்தையிலும் தலையணையிலும் தூசிப் பூச்சி நன்றாக வளரும். உறைகளை வாரம் ஒருமுறை சுடுநீரில் துவையுங்கள். போகிப் புகையன்று ஜன்னலைச் சாத்தி வையுங்கள்.

சின்னவளுக்கு அந்தச் சளி மருந்து வேண்டாம். குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது.

மாமனார் அவிலை உடனே நிறுத்தட்டும். அது பழைய தலைமுறை அலர்ஜி மருந்து. தூக்கம், வாய் உலர்தல், மலச்சிக்கல், வயதானவர்களுக்குக் குழப்பம், தடுமாறி விழுதல் எல்லாம் வரும். புராஸ்டேட் வீக்கம் இருப்பவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளவும் கூடும். கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) இருந்தால் கண்ணுக்கும் ஆபத்து. அதைப் போட்டுக்கொண்டு டூவீலர் ஓட்டுவது எந்த வயதிலும் கூடாது. அவருக்கு ஃபெக்ஸோஃபெனடின் போன்ற புதிய மருந்து பொருந்தலாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துத்தான் டோஸ் முடிவாகும், எனவே ஒருமுறை டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குள் சிறுநீர் வராமல் அடிவயிறு வலித்தால் காலைவரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள்.