வாட்ஸ் கணக்கு தெரிந்தால் ஹீட்டர் வாங்குவது எளிது

கேள்வி: பதினைந்து லிட்டர் கீசர் வாங்கப் போகிறேன். எங்கள் தெருவில் காலையில் லோ வோல்டேஜ். 2000 வாட்ஸ் போதாது, 3000 வாட்ஸ் எடுங்கள் என்கிறார் கடைக்காரர். அவர் சொல்வது சரியா?
— வாசகர், திருப்பூர்

பதில்: பாதி சரி. ஆனால் அந்தப் பாதியை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

பெட்டியில் போட்டிருக்கும் 2000 வாட்ஸ் என்பது 230 வோல்ட் வந்தால் மட்டும்தான். வாட்ஸை வோல்ட்டால் வகுத்தால் கீசர் இழுக்கும் மின்னோட்டம் தெரியும்: 2000 ÷ 230, ஏறக்குறைய 8.7 ஆம்பியர். வோல்ட்டை அந்த ஆம்பியரால் வகுத்தால் காயிலின் மின்தடை: 230 ÷ 8.7, அதாவது 26.4 ஓம். வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் இந்த ஓம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். வாட்ஸ்தான் மாறும்.

உங்கள் வீட்டில் 190 வோல்ட்தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 190 ÷ 26.4 = 7.2 ஆம்பியர். அதை 190-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1,370 வாட்ஸ். வோல்டேஜ் ஆறில் ஒரு பங்குதான் குறைந்தது, சூடோ மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வோல்ட், ஆம்பியர் இரண்டும் சேர்ந்து இறங்குவதால் இப்படி. 25 டிகிரியில் இருக்கும் 15 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்கு வர, முழு வோல்டேஜில் 18 நிமிடம் போதும். 190 வோல்ட்டில் 27 நிமிடம் ஆகும். ஒன்பது நிமிடம் முன்னால் சுவிட்ச் போட்டால் தீர்ந்துபோகிற விஷயம் இது.

3000 வாட்ஸ் கீசர் வோல்டேஜ் சரியாக இருக்கும் நேரத்தில் 13 ஆம்பியர் இழுக்கும். பழைய வயரிங் உள்ள வீட்டில் அதுதான் எனக்குக் கவலை. அதனால் வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள். குறைவு தெருவிலா, உங்கள் வீட்டு வயரிலா என்று பாருங்கள். கீசர் மாட்டப்போகும் இடத்தில் 2000 வாட்ஸ் இழுக்கும் ஏதாவது ஒரு ஹீட்டரை ஓடவிட்டு, சுவிட்ச் போடும் முன்னும் பின்னும் வோல்டேஜ் எவ்வளவு என்று எலக்ட்ரீசியனை அளக்கச் சொல்லுங்கள். போடும் முன்பே 190 என்றால் தெருவில் குறை. மின்வாரியத்தில் புகார் கொடுங்கள். முன்பு 225 இருந்து, போட்டதும் 205-க்கு இறங்கினால் கதை வேறு. அந்த 20 வோல்ட் வழியிலேயே விழுகிறது. 7.8 ஆம்பியர் ஓடும்போது 20 வோல்ட் விழுந்தால், வழியில் 150 வாட்ஸுக்கு மேல் சூடு. அதில் பெரும்பங்கு ஏதோ ஒரு தளர்ந்த இணைப்பில் விழுந்தால் பிளாஸ்டிக் உருகும், தீயும் பிடிக்கலாம். அங்கே 3000 வாட்ஸை மாட்டினால் இன்னும் மோசம். முதலில் வயரையும் ஜாயின்ட்டையும் சரிபார்த்துவிட்டு 2000 வாட்ஸ் கீசரே வாங்குங்கள். 16 ஆம்பியர் சாக்கெட்டில்தான் மாட்ட வேண்டும், எர்த் கட்டாயம். 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தாங்குவது 1,380 வாட்ஸ் வரைதான், அதில் கீசரை மாட்டவே கூடாது.

கேள்வி: மகள் அமெரிக்காவிலிருந்து ரைஸ் குக்கர் கொண்டுவந்திருக்கிறாள். 120 வோல்ட், 600 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது. பிளக்கை மட்டும் மாற்றினால் போதுமா?
— வாசகி, மயிலாப்பூர்

பதில்: வேண்டாம் அம்மா, அப்படியே செருகிவிடாதீர்கள். 600 ÷ 120 = 5 ஆம்பியர். 120 ÷ 5 = 24 ஓம். நம் 230 வோல்ட்டைக் கொடுத்தால் 230 ÷ 24, அதாவது 9.6 ஆம்பியர் ஓடும், 2,200 வாட்ஸ். 600 வாட்ஸுக்குச் செய்த காயில் கொஞ்ச நேரத்தில் கருகிவிடும், அருகில் நிற்பவருக்கும் ஆபத்து. வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம். ஆனால் 600 வாட்ஸை நிம்மதியாகத் தாங்க 1000 விஏ (வோல்ட்-ஆம்பியர்) அளவு தேவைப்படும். அது கனமும் செலவும். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள நம் ஊர்க் குக்கர் ஒன்றை வாங்கிக்கொள்வதே நல்லது. அதே பெட்டியில் வந்த போன் சார்ஜரில் 100–240 வோல்ட் என்று அச்சாகியிருந்தால் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கேள்வி: 1500 வாட்ஸ் என்று வாங்கிய வாட்டர் ஹீட்டர் ராடு மந்தமாகச் சூடாகிறது. ஏமாற்றியிருப்பார்களோ?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: மல்டிமீட்டர் இருந்தால் உடனே தெரிந்துவிடும். ராடின் பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து முழுவதும் கழற்றிவிட்டு, பிளக்கின் இரண்டு மின் முனைகளுக்கு நடுவே அளங்கள். எர்த் முனை வேண்டாம். 230-ஐ 230-ஆல் பெருக்கி 1500-ஆல் வகுத்தால் 35 ஓம். அதையொட்டி வந்தால் ராடு சரி, வோல்டேஜைப் பாருங்கள். 53 ஓம் காட்டினால் அது 1000 வாட்ஸ் ராடு. ஒன்றிரண்டு ஓம் வித்தியாசத்துக்குச் சண்டை போட வேண்டாம். ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார் எதற்கும் இந்த ஓம் கணக்கு ஒத்துவராது.

மல்டிமீட்டர் இல்லையா? எலக்ட்ரானிக் மின் மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை பல்ஸ் (விளக்கு மினுக்கல்) என்று அச்சிட்டிருக்கும். 3200 என்றால், மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு, ராடைத் தண்ணீரில் முழுக்கிய பிறகு ஆன் செய்யுங்கள். சிவப்பு விளக்கு நிமிடத்துக்கு 80 முறை மினுக்கினால் 1500 வாட்ஸ். 53, 54 முறை என்றால் 1000 வாட்ஸ்தான் ஓடுகிறது. லோ வோல்டேஜ் நேரத்தில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், நல்ல ராடும் குறைவாகத்தான் காட்டும்.

ராடு 1500 வாட்ஸ் இல்லை என்று ஓம் அளவிலேயே தெரிந்தால் பில்லோடு கடைக்குப் போய் மாற்றித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதற்கு முன் ராடில் அச்சாகியிருக்கும் வாட்ஸ், வோல்ட் எண்களையும் மல்டிமீட்டர் காட்டிய அளவையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.