பழைய ஐரிஷ் உயிலில் ஒரு தாய் மூத்த மகனுக்கு ஒரே ஒரு ஷில்லிங் எழுதிவைத்திருக்கிறார். இது கோபத்தில் செய்ததா?

உங்கள் கேள்வியில் இருக்கும் விவரம் இதுதான்: 1760-களில் அயர்லாந்தில் ஒரு விதவை எழுதிய உயில். மூத்த மகனுக்கு ஒரு ஆங்கில ஷில்லிங். இளையவனுக்குக் குத்தகை நிலத்தில் பாக்கியுள்ள வருடங்களும் கறவை மாடுகளும். மணமான மகளுக்கு இறகு மெத்தையும் இருபது பவுண்டும். தன் தங்கைக்கு உடுதுணிகள். மூத்தவன் அப்படி என்ன தப்பு செய்தான் என்று கேட்கிறீர்கள்.

பெரும்பாலும் ஒன்றுமே செய்திருக்க மாட்டான்.

நான் டப்ளினில் வசிக்கிறேன். பிஷப் தெருவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய உயில்களைப் படிப்பதில் எனக்குத் தீராத ஆசை. அதிலும் விதவைகளின் உயில் என்றால் முதலில் அதைத்தான் எடுப்பேன். காரணம் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை மணமான பெண்ணின் பணமும் பொருளும் கணவனுக்குச் சொந்தம். பொதுவாக அவன் சம்மதம் இல்லாமல் அவளால் உயில் எழுத முடியாது. கணவன் போன பிறகுதான் 'இது என்னுடையது, இன்னாருக்குக் கொடுக்கிறேன்' என்று சொல்லும் உரிமை அவளுக்கு வந்தது. பல பெண்களுக்கு வாழ்நாளில் அவர்கள் குரல் பதிவான ஒரே காகிதம் அதுதான்.

சரி, ஷில்லிங்குக்கு வருவோம். ஒரு விதவையின் உயில் அந்தக் குடும்பத்தின் முழுப் பாகப்பிரிவினை கிடையாது. அப்பா தன் உயிலிலோ திருமண ஒப்பந்தத்திலோ நிலத்தைப் பெரும்பாலும் முன்பே மூத்தவனுக்கு எழுதியிருப்பார். எழுதாமலே இறந்திருந்தாலும் பொதுச் சட்டப்படி நிலம் மூத்தவனுக்குத்தான் போகும். ஆக, அம்மா உயில் எழுத உட்காரும்போது அவன் பங்கு அவன் கைக்கு வந்து வருடக்கணக்காகியிருக்கும். அவர் கையில் மிச்சம் இருப்பதை, இன்னும் பங்கு கிடைக்காத மற்றவர்களுக்குப் பிரிக்கிறார்.

பிறகு அந்த ஒரு ஷில்லிங் மட்டும் எதற்கு? ஒரு பிள்ளையின் பெயரை விட்டுவிட்டால், 'அம்மா மறதியில் விட்டுவிட்டார், உயில் செல்லாது' என்று அவன் வழக்குப் போடலாம் என்ற பயம் அன்றைக்குப் பரவலாக இருந்தது. சட்டத்தில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. பிளாக்ஸ்டோன் என்ற ஆங்கிலச் சட்ட அறிஞர் 1766-லேயே இது ஆதாரமில்லாத நம்பிக்கை என்று எழுதிவிட்டார், ஆனாலும் ஜனங்கள் விடவில்லை. 'ஆங்கில' ஷில்லிங் என்று பிரித்துச் சொன்னதற்கும் காரணம் உண்டு. அயர்லாந்தின் பணத்துக்கு மதிப்புக் கொஞ்சம் குறைவு. 1826 வரை ஒரு ஆங்கில ஷில்லிங்குக்கு 13 ஐரிஷ் பென்னி, ஐரிஷ் ஷில்லிங்குக்கோ 12 தான்.

கோபமே இருக்காது என்று நான் சொல்லவில்லை. கோபம் இருந்தால் பக்கத்திலேயே 'கீழ்ப்படியாத மகன்' என்பது போல ஒரு வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். கத்தோலிக்கக் குடும்பமாக இருந்தால் இன்னொரு சாத்தியமும் உண்டு. 1704 சட்டப்படி கத்தோலிக்கர் நிலத்தை எல்லா மகன்களுக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும். மூத்தவன் அரசுத் திருச்சபைக்கு, அதாவது அரசு ஏற்ற புராட்டஸ்டன்ட் சபைக்கு, மாறினால் மட்டும் முழுவதும் அவனுக்கு. அந்த மாற்றம் எத்தனை வீடுகளில் தாய்க்கும் மகனுக்கும் நடுவே சுவர் எழுப்பியிருக்கும் என்று நினைத்தாலே மனம் கனக்கிறது.

இளையவனுக்குக் குத்தகை போனதும் இதோடு சேர்ந்ததுதான். அதே சட்டம் கத்தோலிக்கர் 31 வருடத்துக்கு மேல் குத்தகை எடுக்கத் தடை போட்டது. இத்தனை வருடம் என்று கணக்கிட்ட குத்தகை சட்டத்தின் பார்வையில் மாடு, கட்டில் போல அசையும் சொத்து. எனவே மூத்தவனுக்குத் தானாகப் போகாது. அம்மா விரும்பியவருக்குக் கொடுக்கலாம். மூன்று பேரின் ஆயுள்வரை என்று எழுதும் குத்தகையோ சட்டத்தின் பார்வையில் நிலத்தைப் போன்றது.

எனக்கு மிகவும் பிடித்தது மகளுக்கு எழுதும் பகுதி. இருபது பவுண்டுக்குப் பக்கத்தில், 'அவளுடைய தனி உபயோகத்துக்கு மட்டும், கணவனின் அதிகாரத்துக்கோ கடனுக்கோ உட்படாமல், அவள் கையெழுத்திட்ட ரசீதே போதும்' என்ற பொருளில் வாசகம் இருக்கிறதா? இருந்தால் அதை நிதானமாகப் படியுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் பணம் நேராக மருமகன் பைக்குள் போயிருக்கும். வக்கீல்கள் வழக்கமாகப் போடும் வாசகம்தான், ஆனால் கேட்டால்தான் போடுவார்கள். தான் பட்டது மகள் படக்கூடாது என்று ஒரு தாய் யோசித்திருக்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

மெத்தையையும் அற்பமாக நினைக்காதீர்கள். வாத்து இறகு அடைத்த மெத்தை, நீளத் தலையணை, கம்பளி, கட்டில் திரை எல்லாம் சேர்ந்தால் நடுத்தர வீட்டில் அதுதான் விலையுயர்ந்த சாமான்களில் ஒன்று. துணியும் அப்படியே. ஒரு பட்டு கவுனைத் தையல் பிரித்து இன்னொருத்திக்கு அளவாகத் தைத்துக்கொள்வார்கள். யாருக்கு நல்ல கவுன், யாருக்கு அதற்கடுத்தது என்று சில உயில்கள் வரிசைப்படுத்தியே சொல்லும்.

உங்கள் பிரதியைப் பத்திரமாக வையுங்கள். 1922 ஜூன் 30 அன்று உள்நாட்டுப் போரில் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்து ஆவணக் காப்பகம் எரிந்தபோது, அதுவரை அங்கே சேர்த்திருந்த மூல உயில்கள் ஏறக்குறைய எல்லாமே போய்விட்டன. மிஞ்சியவற்றில் முக்கியமானவை வம்சாவளி ஆய்வாளர் சர் வில்லியம் பீத்தம் பழைய உயில்களிலிருந்து எடுத்துவைத்த குறிப்புகள். வம்சாவளிக்காக எடுத்ததால் யார் யாருக்கு என்ன உறவு என்பதுதான் அதில் இருக்கும். மெத்தை, மாடு எல்லாம் வராது. உங்களிடம் அவை வந்திருக்கின்றன என்றால் அது விரிவான நகல்.

அடுத்து என்ன செய்யலாம்? கணவரின் உயில் இருந்ததா என்று ஆர்தர் விகார்ஸ் 1897-இல் வெளியிட்ட அட்டவணையில் பாருங்கள். அர்மா பேராயரின் நீதிமன்றத்தில் 1536 முதல் 1810 வரை ஏற்கப்பட்ட உயில்களின் பெயரும் ஊரும் வருடமும் அதில் உண்டு. உயில் எரிந்திருந்தாலும் பெயர் நிற்கும். அப்புறம் ஹென்ரியட்டா தெருவில் உள்ள பத்திரப் பதிவகம். 1708 முதல் பதிவுகள் அங்கே தப்பித்திருக்கின்றன. குடும்பப் பெயர் அட்டவணையை எடுத்து, மூத்த மகனுக்குக் கல்யாணம் நடந்த வருடத்தை ஒட்டித் தேடுங்கள். நிலத்தை மகன் பேருக்கு எழுதுவது பெரும்பாலும் அப்போதுதான். அவனுக்குக் கிடைத்த பங்கு அங்கே தென்பட நல்ல வாய்ப்பு இருக்கிறது.