எஃப்7-இல் பாயும் குதிரை

கேள்வி: பள்ளிச் சதுரங்கப் போட்டிகளில் கறுப்பில் ஆடினால் என் மகன் பத்துப் பன்னிரண்டு நகர்த்தலுக்குள் தோற்றுவிட்டு வருகிறான். ஒவ்வொரு முறையும் எதிராளியின் குதிரை எஃப்7-இல் பாய்கிறதாம். எங்கே தவறுகிறான்?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: அது 'ஃபிரைடு லிவர்' தாக்குதல். (எழுத்து நெடுவரிசை, எண் வெள்ளைப் பக்கத்திலிருந்து எண்ணும் குறுக்குவரிசை; ஒவ்வொரு ஜோடியிலும் முதலில் வெள்ளை, பிறகு கறுப்பு.) இ4 இ5, குதிரை எஃப்3 குதிரை சி6, மந்திரி சி4 குதிரை எஃப்6, குதிரை ஜி5 சிப்பாய் டி5, வெள்ளைச் சிப்பாய் டி5-ஐ வெட்டுகிறது. இதுவரை கறுப்பிடம் குற்றமில்லை. அதைக் குதிரையால் திருப்பி வெட்டுவதுதான் வினை. வெள்ளைக் குதிரை எஃப்7-இல் பலியாகும். ராஜா வெட்டியதும் ராணி எஃப்3-இல் செக் (ராஜாவுக்கு நேரடி மிரட்டல்), கூடவே டி5 குதிரைக்கும் குறி. ராஜா ஜி8-க்குப் பதுங்கினால் மந்திரி டி5-ஐ வெட்டி செக். மூன்றே நகர்த்தலில் மேட், ராஜாவுக்குத் தப்ப வழியில்லை. ராஜா இ6-க்கு ஏறிக் குதிரையைக் காத்தால், வெள்ளையின் அடுத்த குதிரை சி3-க்கு வரும். மந்திரியின் கோட்டில் மாட்டிய டி5 குதிரை அசைய முடியாது, அசைந்தால் ராஜாவுக்குச் செக். நடுக்களத்து ராஜா அப்புறம் கல்லிடைக்குறிச்சி அப்பளம்தான்.

ஐந்தாவது நகர்த்தலில் குதிரை ஏ5 ஆடி மந்திரியை விரட்டட்டும். அது பி5-இல் செக் வைத்தால் சிப்பாய் சி6. ஒரு சிப்பாய் போகும், போகட்டும். காய்கள் வேகமாக வெளிவரும். சின்னப் பையனென்றால் மூன்றாவதிலேயே மந்திரி சி5 போதும். அப்போது குதிரை ஜி5-க்குத் துள்ளினால் ராணியே வெட்டிவிடும்.