பெருக்கத் தெரிந்த ஊர்

கேள்வி: மகன் கனடா போய்ப் பத்து மாதம். வர்த்தகப் பட்டதாரி. ரொறன்ரோவில் ஒரு வெயார்ஹவுசில் இரவு வேலை. நாளாந்தம் இரவு ஏழு மணிக்குக் கோல் எடுக்கிறேன். ‘அம்மா, பிறகு கதைக்கிறன்’ என்று வைத்துவிடுகிறான். காணியை ஈடு வைத்துத்தான் அனுப்பினோம். வைகாசியில் தங்கச்சியின் கலியாணம். காசும் ஒழுங்காக வருவதில்லை. ‘பிள்ளை மாறிப்போனான்’ என்று அக்கம்பக்கத்தில் கதைக்கிறார்கள். வெளிநாட்டு வாழ்க்கைக்கு எப்படிப் பழகிக்கொள்வது என்று அவனுக்கு நாலு புத்தி எழுதுங்கள். படம் எடுத்து அனுப்பிவிடுகிறேன்.
– ஒரு தாய், விசுவமடு

பதில்: அவனுக்கும் எழுதுகிறேன் அம்மா. ஆனால் கடிதத்தைப் படித்தால், முதலில் பழக வேண்டிய ஆள் விசுவமடுவில் இருப்பது போலத் தெரிகிறது. கோபிக்க வேண்டாம்.

முதலில் அந்த ஏழு மணிக் கோல். குளிர்காலத்தில் ரொறன்ரோ நமக்குப் பத்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கும். மார்ச்சிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை ஒன்பதரை. இங்கே இரவு 7 என்றால் அங்கே குளிர்காலத்தில் காலை 8.30. இரவு முழுக்கப் பெட்டி தூக்கியவன் வேலை முடிந்து, பஸ் மாறி வந்து, கம்பளிக்குள் நுழைகிற நேரம். அந்த நேரத்தில் பெற்ற தாயோடு என்றாலும் எவன் கதைப்பான்? நீங்கள் விடிய ஐந்து மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டுகிறபோது அதே கணக்கில் அவனுக்கு முதல்நாள் பின்னேரம் ஆறரை. தூங்கி எழும்பி, வேலைக்கு வெளிக்கிடுவதற்கு முன்னால் ஒரு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பான். அப்போது எடுத்துப் பாருங்கள். பிள்ளை மாறினானா, மணிக்கூடு மாறியதா என்று தெரிந்துவிடும்.

அடுத்தது காசு. ஒன்ராறியோ மாகாணத்தில் ஆகக் குறைந்த சம்பளம், 2025 ஒக்டோபரிலிருந்து மணித்தியாலத்துக்கு 17 டொலர் 60 சதம். கிழமைக்கு 40 மணித்தியாலம் வேலை கிடைத்தால் 704 டொலர், நாலு கிழமைக்கு 2,816. கனடா டொலர் 200 ரூபாய்க்கு மேலே நிற்கிறது. உடனே நம் ஆட்கள் பெருக்கி, மாதம் ஐந்தரை லட்சத்துக்கு மேல் என்று விடை சொல்லிவிடுவார்கள். பெருக்கத் தெரிந்த ஊருக்குக் கழிக்கத் தெரியாது. வரி, ஓய்வூதியத் திட்டம், வேலையின்மைக் காப்புறுதி மூன்றும் கைக்கு வருமுன்பே போய்விடும். பேஸ்மென்ட் அறை வாடகை, பஸ், போன், சாப்பாடு பிறகு. வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சி மூலம் போகிறவனுக்கு அந்த 40 மணித்தியாலமும் நிச்சயமில்லை. ‘இன்றைக்கு வேலை இல்லை’ என்று பின்னேரம் ஒரு குறுஞ்செய்தி வந்தால் அன்றைய சம்பளம் இல்லை.

பட்டதாரி பெட்டி தூக்குகிறானே என்ற கவலை உங்கள் வரிகளுக்கிடையில் தெரிகிறது. விசுவமடுக்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டுமா? படித்த இளைஞருக்கு அரசு பயிர் செய்யக் காணி கொடுத்த ‘படித்த வாலிபர் திட்டத்தில்’ அந்த ஊருக்கு வந்தவர்கள் யார்? உத்தியோகம் தேடிக் களைத்து, பேனை பிடித்த கையால் மண்வெட்டி பிடித்த பொடியள்தானே. காடு, யானை, காய்ச்சல் எல்லாம் பார்த்த பிறகுதான், 1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதியை அரசு மறித்தபோது செத்தல் மிளகாய் அவர்களுக்குக் காசாகக் கொட்டியது. காடு வெட்டின வருசத்திலேயே ‘காசு எங்கே’ என்று எந்தத் தாயும் கேட்டிருக்கமாட்டாள். உங்கள் மகனுக்கு இது காடு வெட்டுகிற வருசம்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது: அவன் எந்த விசாவில் இருக்கிறான்? நம் ஊரில் ‘கனடா போயிட்டான்’ என்றால் கதை முடிந்தது, அதற்கு மேல் ஒருவரும் கேட்பதில்லை. அவனுடைய நித்திரையைக் கெடுப்பதே அதுவாக இருக்கலாம். மாணவ விசா என்றால், படிப்பு நடக்கிற காலத்தில் கல்லூரிக்கு வெளியே கிழமைக்கு 24 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது. மேலே நான் போட்ட கணக்கும் ஐந்தில் மூன்று பங்காக இறங்கிவிடும். அகதி விண்ணப்பம் என்றால் விசாரணை முடியும்வரை எதுவும் நிச்சயமில்லை. தங்கச்சி கலியாணத்துக்கு ஒரு நடை வந்து போ என்று பகிடிக்கும் கேட்காதீர்கள். இங்கே பயம் என்று சொல்லி அங்கே நிற்பவன் இங்கே வந்து மாலை மாற்றுவதைப் பார்த்துவிட்டுப் போனால், அந்த வழக்கு என்னவாகும்? நிரந்தர வதிவிடம் கிடைத்தவன் என்றால் பயமில்லை. அரசாங்கமே காசில்லாமல் ஆங்கில வகுப்பு நடத்துகிறது, போகட்டும்.

சரி, தம்பிக்கு. ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் கடை, கோயில், வைத்தியர், முடிவெட்டுகிற இடம் எல்லாம் தமிழிலேயே முடிந்துவிடும். முதல் மாதங்களுக்கு அது பெரிய ஆறுதல். அதற்குள்ளேயே இருந்துவிட்டால் பத்து வருசம் கழித்தும் அதே வெயார்ஹவுஸ்தான். சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு எழுத்துப் பரீட்சையை இப்போதே எழுது. இங்கே ஓடின பழக்கத்தை நம்பாதே, அங்கே வண்டி வலப்பக்கம். பட்டத்தை அங்கே மதிப்பீடு செய்வித்து, கணக்குப்பதிவு, சம்பளப்பட்டியல் போன்ற ஒரு குறுகிய படிப்பைப் பிடி. பொது நூலக அட்டை நகரவாசிகளுக்கு இலவசம். தமிழ்ப் புத்தகமும் இருக்கிறது, புதிதாக வந்தவர்களுக்கு வழிகாட்டுகிறவர்கள் உட்கார்ந்திருக்கிற கிளைகளும் இருக்கின்றன. டிசம்பரில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். இரவில் உழைத்துப் பகலில் படுக்கிறவன் நாள் கணக்கில் வெயில் காணமாட்டான். ஒருவரோடும் கதைக்கப் பிடிக்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்ற நிலை கிழமைக்கணக்கில் நீண்டால் வைத்தியரிடம் போ. வெட்கப்பட ஒன்றுமில்லை. யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் உதவிச் சேவைகளுக்கு வழிகாட்டுகிற 211 என்ற இலக்கத்துக்கு அடித்துக் கேள்.

காணி ஈட்டுக் கடன் மட்டும் உண்மையான கடன் அம்மா, அதை நான் மறுக்கவில்லை. வட்டி ஏறினால் காணி போய்விடும். ஆகவே மகனோடு கதைத்து ஒரு தொகை பேசுங்கள்: மாதம் இவ்வளவு, அது வட்டிக்கும் முதலுக்கும் மட்டும். கோயில் திருவிழா உபயம், மச்சானின் மோட்டார் சைக்கிள், மதில் கட்டுகிற செலவு எதுவும் அந்தத் தொகைக்குள் வரக்கூடாது. அப்புறம் கலியாணம். அண்ணன் கனடாவில் இருக்கிறான் என்ற தைரியத்தில் மண்டபமும் வீடியோவும் எழுநூறு பேருக்குச் சாப்பாடும் பேசியிருந்தால், கோயிலில் தாலி, வீட்டில் பந்தி என்று சுருக்குங்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குக் கனடாக் காசைக் காட்டி ஏதாவது வாக்குக் கொடுத்திருந்தால், வைகாசி வரை காத்திருக்காமல் இந்தக் கிழமையே போய் நேரில் சொல்லிவிடுங்கள்.