அவன் பெயரை அவனிடமே கேளுங்கள்: சிறப்பாசிரியரின் பதில்கள்

அறிவுசார் குறைபாடுடைய மாணவர்களைப் பற்றி நீலகிரியின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, கோத்தகிரி வட்டாரத்தில் நெடுங்காலம் சிறப்பாசிரியராகப் பணிபுரிபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைக் கூறுகிறேன்.

டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாளன்று, எங்கள் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் சிறப்புப் பள்ளிப் பிள்ளைகளை மேடையேற்றிப் பரிசு வழங்க விரும்புகிறோம். தங்கள் ஆலோசனை என்ன ஐயா? (கல்லூரி மாணவி, உதகமண்டலம்)

உங்கள் நோக்கம் நல்லது. ஆனால் மேடையில் ஒருவர் கொடுப்பவராகவும் மற்றவர் வாங்குபவராகவும் நிற்கும்போது, பார்த்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் இரக்கப்படக் கற்றுக்கொள்வார்களே தவிரப் பழகக் கற்றுக்கொள்ள மாட்டார்கள். பரிசுக்குப் பதிலாகச் சேர்ந்து விளையாட ஏற்பாடு செய்யுங்கள். 1968இல் சிகாகோவில் முதல் போட்டிகளை நடத்திய சிறப்பு ஒலிம்பிக்ஸ் இயக்கத்தில் ஒருங்கிணைந்த விளையாட்டு என்றொரு முறை உண்டு. ஐவர் கால்பந்தில் அறிவுசார் குறைபாடுடைய மூவரும் அக்குறைபாடில்லாத இருவரும் ஒரே அணியில் ஆடுவார்கள். டிசம்பரில் உறைபனி விலகிய பிறகு, பத்து மணிக்கு மேல் தொடங்குங்கள்.

அப்படியொரு நாளில் நான் கண்டதைச் சொல்ல வேண்டும். ஒரு கல்லூரி மாணவர், பதினைந்து வயதுப் பையன் ஒருவனிடம் பெயர் கேட்டார். பையன் தன் ஸ்வெட்டர் ஜிப்பை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தான். இரண்டு நொடி ஆவதற்குள் பக்கத்திலிருந்தவர் அவன் பெயரைச் சொல்லிவிட்டார். மறுநாள் அதே மாணவரை, கேட்டுவிட்டு மனத்திற்குள் பத்து வரை எண்ணச் சொன்னேன். ஏழோ எட்டோ எண்ணியிருப்பார்; ஜிப் நின்றது, பையன் தன் பெயரைச் சொன்னான், பிறகு "உங்க பேரு என்ன அண்ணா?" என்று கேட்டான். உங்கள் மாணவர்களுக்கு வேறு எந்தப் பயிற்சியும் அளிக்க இயலாவிட்டாலும், இந்தக் காத்திருப்பை மட்டும் பழக்குங்கள். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மறுபடி அதே பிள்ளைகளிடம் செல்லுங்கள்.

ஆறாம் வகுப்பில் அறிவுசார் குறைபாடுடைய மாணவன் ஒருவனை மற்றவர்கள் "லூசு" என்று அழைக்கிறார்கள். தண்டித்தும் நிற்கவில்லை. (ஆசிரியை, குன்னூர்)

அந்தச் சொல்லைப் பிள்ளைகள் பெரும்பாலும் பெரியவர்களிடமிருந்தே எடுக்கிறார்கள். ஆசிரியர் அறையில் "மக்கு" என்ற சொல் புழங்கினால் வகுப்பறையிலும் அது புழங்கும். பொதுவிடத்தில் மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே இழிவுபடுத்துவது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரியது. எனினும் பத்து வயதுப் பிள்ளைகளைச் சட்டம் காட்டி மிரட்டுவதால் பயன் இல்லை. பெற்றோரின் ஒப்புதலைப் பெற்று, "இவனுக்குப் புதிதாக ஒன்றைக் கற்க நம்மைவிடக் கூடுதல் நேரம் தேவை" என்று வகுப்பில் நேராகச் சொல்லுங்கள். வருகைப் பதிவேட்டை அலுவலகத்திற்குக் கொண்டுசெல்வது போன்ற, வகுப்பு முழுவதும் எதிர்பார்க்கும் வேலை ஒன்றை அவனிடம் ஒப்படையுங்கள். உதவிக்கு ஒரே மாணவியை ஆண்டு முழுவதும் அமர்த்தாமல் வாரந்தோறும் துணையை மாற்றுங்கள்; இல்லாவிட்டால் மற்ற முப்பது பேரும் அவனை அவள் பொறுப்பென்று விட்டுவிடுவார்கள்.

இது மனநோயா? தொற்றுமா? (ஒரு தந்தை, அரவங்காடு)

இரண்டும் இல்லை. இது வளர்ச்சிக் காலத்திலேயே தோன்றும் நிலை. டவுன் நோய்க்குறி போன்ற மரபணுக் காரணங்கள், பிறப்பின்போது ஆக்சிஜன் குறைவது எனக் காரணங்கள் பல. தடுக்கக்கூடியவற்றுள் முதன்மையானது அயோடின் குறைபாடு. மழை மண்ணிலிருந்து அயோடினை அரித்துச் செல்லும் மலைப்பகுதிகளில் வாழும் நாம், குறிப்பாகக் கருவுற்ற பெண்கள், அயோடின் கலந்த உப்பையே பயன்படுத்த வேண்டும்.

வகுப்பில் வாய் திறக்காத, பணியர் பழங்குடியைச் சேர்ந்த சிறுமி ஒருத்திக்கு அறிவுசார் குறைபாடு என்று சக ஆசிரியர்கள் முடிவுகட்டிவிட்டனர். எனக்கு ஐயமாக உள்ளது. (ஆசிரியர், கூடலூர்)

உங்கள் ஐயத்தை விட்டுவிடாதீர்கள். புரிந்துகொள்ளுதல், சிந்தித்தல் ஆகிய திறன்களிலும், வயதுக்கேற்ற அன்றாட நடைமுறையிலும், இரண்டிலுமே கணிசமான குறை இருந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும். வீட்டில் தம்பிக்குச் சோறூட்டி, கடைக்குப் போய் மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கி வருகிற பிள்ளை, பள்ளியின் தமிழ் பழகாததால் மௌனமாக இருக்கக்கூடும். முதலில் செவித்திறனையும் பார்வையையும் சோதிக்கச் செய்யுங்கள். பிறகு அவள் மொழி அறிந்த ஒருவரை உடன் வைத்துக்கொண்டு மதிப்பீடு செய்யுமாறு வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைக் கேளுங்கள். தவறாக ஒட்டப்பட்ட பெயரைப் பின்னால் பிரித்தெடுப்பது எவ்வளவு கடினம் என்பதை நான் பல பிள்ளைகளிடம் கண்டு வருந்தியிருக்கிறேன்.

என் மகளுக்கு டவுன் நோய்க்குறி உள்ளது. வயது பதினொன்று. அருகிலுள்ள பள்ளியில் சேர்க்கக் கேட்டால் சிறப்புப் பள்ளிக்குப் போகச் சொல்கிறார்கள். (தாய், கோத்தகிரி)

அம்மா, 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடுள்ளதாகச் சான்றளிக்கப்பட்ட பிள்ளைக்கு, 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகக் கற்க அதே 2016 சட்டம் உரிமை அளிக்கிறது. தேர்வு உங்களுடையது. மருத்துவக் குழுவின் சான்றுடன் எழுத்து மூலம் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை வாங்குங்கள்.

பேருந்தில் என்னோடு வரும் அறிவுசார் குறைபாடுடைய அக்காவிடம் பேச ஆசை. எப்படித் தொடங்குவது? (பிளஸ் ஒன் மாணவி, கேத்தி)

குழந்தையிடம் கொஞ்சுவதுபோல் பேசாதீர்கள். அவர் உங்களைவிட மூத்தவர். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி மட்டும் இருக்கட்டும். உடன் வரும் அம்மாவைப் பார்த்துக் கேட்காமல், அவரைப் பார்த்தே "அக்கா, இங்கே உட்காரட்டுமா?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை நின்றபடியே காத்திருங்கள்.