வார்டன் திட்டியது அல்ல, வார்டனுக்குத் தெரிந்திருந்ததுதான் வழக்கு

கேள்வி: விடுதிப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கும் என் 16 வயது மகன் தற்கொலைக்கு முயன்று பிழைத்துக்கொண்டான். வார்டன் எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தியதுதான் காரணம். "டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள், ஃபீஸைத் திருப்பித் தருகிறோம், இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள். போலீஸுக்குப் போனால் பையன்மேல்தான் கேஸ் வரும்" என்கிறது பள்ளி. வார்டனை உள்ளே தள்ள முடியுமா?

பதில்: பையன்மேல் கேஸ் வரும் என்பது வெறும் மிரட்டல். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே கிடையாது.

வார்டனைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். தற்கொலைக்குத் தூண்டிய குற்றத்துக்கு உயிர் போயிருக்க வேண்டும்; ஆசிரியர் கண்டித்தார் என்பது மட்டும் தூண்டுதல் ஆகாது என்று 2021இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதை விடுங்கள். உங்கள் கடிதத்தில் உருப்படியானது ஒரே வரி, அதுவும் கடைசிப் பக்கத்தில். "செத்துப்போயிடலாம் போல இருக்கு" என்று மகன் போனில் சொன்னதை இரண்டு மாதம் முன்பே வார்டனுக்கு வாட்ஸ்அப்பில் தெரிவித்தீர்கள். அவரும் "பார்த்துக்கிறோம் சார்" என்று பதில் போட்டார். பள்ளிக்கு முன்பே தெரியும். தெரிந்தும் என்ன செய்தது? ஆபத்து தெரிந்தால் உடனே மனநல சிகிச்சைக்கு அனுப்ப எழுத்துபூர்வமான நடைமுறை வேண்டும், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் இருந்தால் தகுதியுள்ள ஆலோசகர் வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. கேள்வியை அங்கே வையுங்கள்.

இனி நான் பயப்படும் இடம். பெற்றோர் கொண்டுவரும் புகார்களில் முதல் பத்தி அநேகமாக ஒரே மாதிரி இருக்கும்: "என் பிள்ளை எப்போதும் சிரித்த முகம், எந்தக் குறையும் இல்லாதவன்." பாசத்தில் எழுதுவதுதான். ஆனால் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே வாசித்துவிட்டு, "பெற்ற உங்களுக்கே தெரியாதது எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டு உட்கார்ந்துவிடுவார். நீங்களும் அப்படித்தான் ஆரம்பித்திருக்கிறீர்கள். அடித்துவிடுங்கள்.

இன்னொன்று. ஒன்பதாவதில் மனநல மருத்துவரிடம் காட்டியதாகச் சொல்கிறீர்கள். அட்மிஷன் படிவத்தில் அதை எழுதினீர்களா, "இல்லை" என்று டிக் அடித்தீர்களா? மறைத்திருந்தால் உங்கள் வக்கீலிடம் இன்றே சொல்லுங்கள். பள்ளியின் ஃபைலில் அந்தப் படிவம் பத்திரமாக இருக்கும்.

வெளிப்படையாகச் சொன்னால், சமரசம் செய்யுங்கள். வழக்கு முடிய வருடங்கள் ஆகும். உங்கள் மகன் கூண்டேறி அந்த இரவைச் சொல்ல வேண்டும், சிகிச்சைக் குறிப்புகளும் எல்லார் கைக்கும் போகும். ஃபீஸோடு சிகிச்சைச் செலவையும் கேளுங்கள். அவர்கள் நீட்டும் கடிதத்தில் "சொந்த விருப்பத்தின்பேரில்", "பள்ளி பொறுப்பல்ல" என்ற இரண்டில் எது இருந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள். பணத்துக்காகக் குற்றப் புகாரைக் கைவிடும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது, அதுவும் வேண்டாம். சிசிடிவி பதிவை அழிக்கக் கூடாது என்று இன்றே பதிவுத் தபால் அனுப்புங்கள்.

மருத்துவர் சரி என்று சொல்லும்வரை வேறு விடுதியில் சேர்க்காதீர்கள். நடுராத்திரியில் பயமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம்தான். அப்புறம், அந்த வாட்ஸ்அப் இருக்கும் போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள்.