கட்டுப்பாட்டுத் தொட்டிப் புழுக்களிலும் நூலிழைகள் தெரிகின்றனவா?

நுண்நெகிழி, அதாவது மிகச் சிறிய பிளாஸ்டிக் துகள்கள், ரத்தப்புழுக்களை (கொசு போன்ற ஒரு பூச்சியின் சிவப்பு நிற இளம்புழுக்களை) என்ன செய்கின்றன என்று பார்க்கும் உங்கள் சோதனையில், ஒப்பிடுவதற்காக அவற்றைக் கலக்காமல் வைத்த கட்டுப்பாட்டுத் தொட்டிப் புழுக்களின் குடலிலும் நீல நிற இழைகள் தெரிகின்றன, மூன்று வார உழைப்பு வீணா என்று கேட்டிருந்தீர்கள். வீணில்லை. மற்றத் தொட்டிகளில் நீங்கள் கலந்தது பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கின் நுண்மணிகள், கிடைத்ததோ இழை. பெரும்பாலும் அது உங்கள் சட்டையிலிருந்தோ காற்றிலிருந்தோ விழுந்ததுதான். நானும் ஒருமுறை என் ஸ்வெட்டரின் இழைகளை அரை நாள் உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன்!

சந்தேகம் தீர, சூடேற்றிய ஊசி முனையால் இழையைத் தொட்டுப் பாருங்கள். நெகிழி உருகும் அல்லது சுருளும், பருத்தி உருகாது. இனிமேல் புழுவை அறுக்கும்போது பக்கத்தில் ஈரமான வடிதாள் ஒன்றைத் திறந்து வையுங்கள். அதில் விழும் இழைகளின் எண்ணிக்கைதான் உங்கள் பின்னணி அளவு, அதாவது வெளியிலிருந்து தானாக வந்து விழும் இழைகளின் அளவு.

எனக்கு உறுத்துவது வேறு விஷயம். பாலிஎத்திலீன் தண்ணீரைவிட லேசானது, மிதக்கும். ரத்தப்புழுவோ அடிமண்ணில் குழாய் கட்டி வாழ்வது. மணிகளை நீரில் தூவியிருந்தால் புழுவுக்கு அவை எட்டியே இருக்காது. முதலில் மண்ணோடு பிசைந்து, சில நாள் ஊறவிட்டு, மேலே நுண்ணுயிர்ப் படலம் பிடித்த பிறகு பயன்படுத்துங்கள். ஆறுகளிலும் கிட்டத்தட்ட இப்படித்தான் அவை கனத்து அடியில் தங்குகின்றன.

அப்புறம், எத்தனை செத்தன என்று மட்டும் பார்க்காதீர்கள். குடல் நெகிழியால் நிறைந்தால் புழு சரியாகத் தின்னாது. உடல் நீளம் குறைவதும் பூச்சியாக வெளிவரும் நாள் தள்ளிப்போவதும்தான் முதலில் தெரியும். தீனியைத் தாராளமாகப் போட்டால் அந்த வித்தியாசமும் மறைந்துவிடும். எவ்வளவு போடுகிறீர்கள்?